மூணாறு மலைக்கு டிரவுட் வந்த கதை: பொரிப்பகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறு, தேவிகுளம், வட்டவடை, காந்தலூர்ப் பக்கமும், மலை இறங்கினால் போடியிலும் டிரவுட் என்ற குளிர்நீர் மீன் பற்றிப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கடல் தாண்டிப் போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது.

டிரவுட் நம்ம மலை மீனா?

இல்லை. நம் மலைகளில் பேசப்படுவது இரண்டு வகை. வானவில் டிரவுட்டின் தாயகம் பசிபிக் கடலின் இரு கரைகள்: வட அமெரிக்காவின் மேற்குப் பக்கமும் ரஷ்யாவின் கம்சாத்காவும். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசியாவுக்கும் சொந்தம். கையில் பிடித்துப் பார்த்தால் குழப்பம் வராது. வானவில்லுக்கு விலாவோடு ஓர் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும், வால் துடுப்பு முழுக்கக் கரும்புள்ளி இருக்கும். பழுப்புக்கு உடம்பில் வெளிர் வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள் உண்டு, வாலில் புள்ளி அநேகமாக இருக்காது. இரண்டுக்கும் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் முள்ளே இல்லாத சின்னச் சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். கெண்டைக்கு அது கிடையாது.

பழைய புத்தகங்களில் வானவில் டிரவுட்டை 'சால்மோ கெய்ர்ட்னெரி' என்று போட்டிருப்பார்கள். 1989க்குப் பிறகு அது 'ஆன்கோரிங்கஸ் மைகிஸ்'. பெயர்தான் மாறியது, மீன் அதே மீன்.

மீனைப் பிடித்துச் சினை பிழிந்து குஞ்சு பொரிக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஸ்டெஃபான் லுட்விக் யாகோபி என்பவர் டிரவுட் முட்டையையும் விந்தையும் கலந்து, சல்லி பரப்பிய மரப்பெட்டியை ஓடையில் வைத்துக் குஞ்சு எடுத்துக் காட்டினார். 1760களிலேயே அது அச்சிலும் வந்துவிட்டது. வந்ததோடு சரி, பெரிதாக யாரும் பின்பற்றவில்லை. 1840களில் பிரான்சின் வோஷ் மலையில் ரெமி, ஜெஹான் என்ற இரண்டு மீனவர்கள், யாகோபியைப் பற்றி அறியாமலே, அதே வேலையைத் தாங்களாகக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஓடையில் டிரவுட் குறைந்துபோனதுதான் காரணம்.

அதைப் பார்த்து அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1852இல் ரைன் ஆற்றங்கரையில், பாசல் நகருக்குப் பக்கத்தில், ஹூனிங் என்ற ஊரில் பிரெஞ்சு அரசு ஒரு பொரிப்பகம் கட்டியது. இதற்குப் பின்னால் நின்றவர் விக்டர் கோஸ்த் என்ற பேராசிரியர். பொதுப்பணத்தில் பொரித்து, ஆற்றில் விட முட்டையை ஊர் ஊராக அனுப்பிவைப்பது என்ற ஏற்பாடு அங்கே ஆரம்பித்தது. 1870-71 போருக்குப் பிறகு அந்த இடம் ஜெர்மனியின் கைக்குப் போனது. அரசுப் பொரிப்பகங்களின் வம்சாவளியை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் ஹூனிங்கைத்தான் காட்ட வேண்டும்.

'வறள் முறை' என்கிறார்களே, அது என்ன?

பொரிப்பக வரலாற்றில் ஒரே ஒரு கண்டுபிடிப்பைத்தான் சொல்லலாம் என்றால் இதைச் சொல்லலாம். தொடக்கத்தில் எல்லோரும் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் முட்டையைப் பிழிந்து, அதன்மேல் விந்தை விட்டார்கள். மீன் தண்ணீரில்தானே முட்டையிடுகிறது என்ற நியாயம். பாதி முட்டை கூடத் தேறவில்லை.

ரஷ்யாவின் விராஸ்கி என்பவர் 1850களில் காரணத்தைப் பிடித்தார். டிரவுட் விந்தணு தண்ணீர் பட்டதும் துடிக்க ஆரம்பிக்கும், அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடும். முட்டையிலும் விந்தணு நுழைய ஒரே ஒரு துளைதான். தண்ணீர் பட்டால் முட்டை உப்பத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் அதுவும் அடைபடும். ஆக, தண்ணீர் பட்ட நொடியிலிருந்து இரண்டு பக்கமும் கடிகாரம் ஓடுகிறது. பாத்திரத்தைத் துடைத்துக் காயவைத்து, ஈரமே இல்லாமல் முட்டையையும் விந்தையும் முதலில் கலந்துவிட்டு அப்புறம் தண்ணீர் விட்டால், விந்தணு விழித்துக்கொள்ளும்போதே முட்டையின் பக்கத்தில் இருக்கும். பத்தில் ஒன்பது முட்டை கருத்தரிப்பது அப்போதிருந்துதான் சாதாரண விஷயம் ஆனது.

மீன் முட்டை கப்பலில் எப்படி உயிரோடு வந்தது?

முட்டை தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் காற்றிலேயே மூச்சு வாங்கிக்கொள்ளும். இதைப் பயன்படுத்தித்தான் 1864இல் 'நார்ஃபோக்' என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு சால்மன் முட்டையோடு சில ஆயிரம் பழுப்பு டிரவுட் முட்டையும் போனது. மரப்பெட்டியில் ஈரப் பாசி, அதில் முட்டை, மேலே மறுபடி பாசி, பெட்டிகள் எல்லாம் பனிக்கட்டி அறைக்குள். மூன்று மாதப் பயணம். டாஸ்மேனியாவில் பொரித்தவை சில நூறு குஞ்சுகள். நியூசிலாந்து ஆறுகளுக்குப் பழுப்பு டிரவுட் போனது அந்த வழியில்தான்.

அனுப்புகிறவர் பார்க்க வேண்டியது முட்டையின் பருவம். கருத்தரித்து ஓரிரு நாள் கடந்த முட்டையை அசைத்தால் செத்துவிடும். கரு வளர்ந்து முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளியாகக் கண் தெரிய ஆரம்பித்த பிறகு அது கெட்டி. கீழே கொட்டினாலும் பிழைக்கும். 'கண் விழுந்த முட்டை' என்பது இதைத்தான். இன்றும் பெட்டியில் அடைத்து அனுப்புவது இந்தப் பருவத்தில்தான். மேல் தட்டில் பனிக்கட்டி, அது உருகிச் சொட்டும் தண்ணீர் கீழ்த் தட்டுகளை நனைத்துக்கொண்டே இருக்கும்.

தென்னிந்தியாவில் அரசுப் பொரிப்பகம் எங்கே ஆரம்பித்தது?

நீலகிரியில், அவலாஞ்சியில், 1907இல். அதற்கு முன்னால் நாற்பது வருடத் தோல்வி உண்டு. சென்னை மாகாண மருத்துவ சேவையில் இருந்த ஃபிரான்சிஸ் டே 1860களில் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். நடக்கவில்லை. அன்றைக்குச் சூயஸ் கால்வாய் திறக்கவில்லை (1869), மலை ரயில் குன்னூரை எட்டவில்லை (1899). கடலோர வெயிலிலும் மாட்டுவண்டிப் பாதையிலும் பனிக்கட்டி எத்தனை நாள் தாங்கும்?

இதில் ஒரு வேடிக்கை. நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879இலேயே வந்துவிட்டது. டிரவுட் வருவதற்கு 28 வருடம் முன்பே அதைக் காப்பாற்றச் சட்டம் தயார்!

மாகாண அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராக வந்த எச்.சி. வில்சன் காலத்தில்தான் அவலாஞ்சிப் பொரிப்பகம் எழுந்தது. இலங்கையின் நுவரெலியா மலையில் அதற்குள் வானவில் டிரவுட் நிலைத்திருந்தது. அங்கிருந்து கொண்டுவருவது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவருவதைவிட எவ்வளவோ பக்கம். ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும்கூட முட்டை தருவித்தார்கள். நீலகிரியில் கடைசியில் வேரூன்றியது வானவில்தான். அவலாஞ்சிப் பண்ணை இன்று தமிழ்நாடு மீன்வளத்துறையின் கையில் இருக்கிறது.

காஷ்மீரில்தான் முதலில் வந்தது என்கிறார்களே?

ஆமாம். 1899இல் வந்த முட்டைகள் வழியிலேயே செத்தன. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு டிரவுட் பிழைத்தது. ஸ்ரீநகருக்குப் பக்கத்து ஹார்வன் பொரிப்பகம் அதன் தொடர்ச்சி. குலு பள்ளத்தாக்கில் வேலை தொடங்கியது 1909இல்.

சரி, மூணாறுக்கு யார் கொண்டுவந்தது?

தோட்டத் துரைமார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், திருவிதாங்கூர் ராஜ்யக் காலத்தில், கண்ணன் தேவன் மலைத் தேயிலைத் தோட்டக்காரர்கள் தங்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து மேட்டு ஓடைகளில் விட்டார்கள். ராஜமலையில் பொரிப்பகமும் வந்தது. அவலாஞ்சி அரசுப் பணத்தில் நடந்தது, இங்கே நடந்தது துரைமார் சங்கத்தின் ஏற்பாடு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

அன்றைய போக்குவரத்தையும் நினைத்துப் பாருங்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டக்குடிக்குக் கம்பிவழி (ரோப்வே), அங்கிருந்து போடி. தேயிலைப் பெட்டி இறங்கியதும் அரிசி ஏறியதும் அந்த வழியில்தான். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய குட்டி ரயில் 1924 ஜூலை வெள்ளத்தில், நம் பெரியவர்கள் சொல்லும் '99 வெள்ளத்தில்', அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். மலையில் வாய்க்காலும் தொட்டியும் கட்டிவைப்பது எத்தனை நிச்சயமில்லாத காரியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

துரைமார் வேட்டைக்காடாக வைத்திருந்த இரவிகுளம் 1975இல் சரணாலயம் ஆனது, 1978இல் தேசியப் பூங்கா. வரையாட்டுக்காக வந்த காவல் அது. அந்த ஓடைகளில் இருந்த டிரவுட்டுக்கும் சேர்த்தே காவல் விழுந்தது.

ஏன் ராஜமலை, அவலாஞ்சி மாதிரி உச்சியிலேயே வைக்கிறார்கள்? மூணாறு டவுனில் வைத்தால் ஆகாதா?

தண்ணீரின் சூடுதான் காரணம். டிரவுட் நன்றாக வளர்வது 13 முதல் 17 டிகிரி செல்சியஸ் வரை. 20 தாண்டினால் தீனி எடுப்பது குறையும். 25ஐ ஒட்டிப் போனால் சாகும். முட்டை இன்னும் நாசூக்கு, 13க்கு மேல் ஏற ஏறச் சேதம் கூடும்.

உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு, இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 2,000 மீட்டரில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்துவிடும். அங்கே 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 20 டிகிரித் தண்ணீர் 7தான். டிரவுட்டுக்குத் தேவையே 7. எனவே மலை உச்சியில் தண்ணீர் குளிர்ந்திருந்தால் மட்டும் போதாது, தொட்டிக்குத் தொட்டி அரையடியாவது விழுந்து நுரைத்துக்கொண்டு போக வேண்டும். படிப்படியாகத் தொட்டி கட்டுவது அதற்குத்தான்.

சினை பிழிவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் இந்த வேலை நடக்கும். ஆணையும் பெண்ணையும் முன்னாலேயே தனித்தனித் தொட்டியில் பிரித்துவிட வேண்டும். ஆணுக்குக் கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளைந்திருக்கும், நிறம் கறுத்திருக்கும். வாரம் ஒருமுறை பெண் மீன்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். வயிறு பஞ்சு மாதிரித் தளர்ந்து, துவாரம் சிவந்து வெளியே தள்ளியிருந்தால் பழுத்துவிட்டது. பழுத்த சினையை ஒரு வாரத்துக்குமேல் வயிற்றில் விட்டுவைத்தால் முட்டை கிழடு தட்டிவிடும். அப்புறம் என்ன செய்தாலும் பொரிக்காது.

பிழிவதற்கு ஓரிரு நாள் முன்பே தீனி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முட்டையோடு மலமும் வரும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஈரத் துணியால் மீனின் தலையையும் வாலையும் பிடித்துக்கொள்ள, மற்றவர் வயிற்றையும் துவாரத்தையும் உலர்ந்த துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, துடுப்புக்குப் பின்னாலிருந்து துவாரம் நோக்கிக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல நீவுகிறார். பழுத்த மீன் என்றால் அழுத்தவே வேண்டாம், ஆரஞ்சு நிற முட்டை தானாகச் சரம் சரமாக இறங்கும். அழுத்தினால்தான் வருகிறது என்றால் அந்த மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம். ரத்தம் வந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் 1,500 முதல் 2,000 முட்டை தரும். ஒவ்வொன்றும் 4, 5 மி.மீ. இருக்கும், ஏறக்குறைய ஒரு கொத்தமல்லி விதை அளவு. உலர்ந்த கிண்ணத்தில் முட்டை விழுந்ததும் இரண்டு மூன்று ஆண் மீன்களின் விந்தை அதன்மேல் விடுகிறார்கள். ஒரே ஆணை நம்பினால், அது மலடாக இருந்தால் மொத்தமும் போய்விடும். கோழி இறகால் கிளறி, சில நிமிடம் விட்டு, பிறகு முட்டை மூழ்கத் தண்ணீர். அந்த நேரம் முட்டை ஒன்றோடொன்று ஒட்டும், பயப்பட வேண்டாம். வெண்மை போகும்வரை அலசி, ஒரு மணி நேரம் நிழலில் அசையாமல் வைத்தால் தண்ணீர் குடித்து விறைத்துவிடும். அப்புறம் தட்டுக்கு மாற்றலாம்.

உடைந்த முட்டை ஒன்றிரண்டு கிண்ணத்தில் இருந்தாலே கருத்தரிப்பு குறையும். உடைந்ததிலிருந்து கசியும் புரதம் தண்ணீர் பட்டதும் திரிந்து மற்ற முட்டைகளின் துளையை அடைத்துக்கொள்ளும்.

எத்தனை நாளில் பொரிக்கும்?

நாளை எண்ணாதீர்கள், சூட்டை எண்ணுங்கள். வானவில் டிரவுட் முட்டை 7.2 டிகிரியில் 48 நாள் எடுக்கும், 10 டிகிரியில் 31 நாள், 12.8 டிகிரியில் 24 நாள். பழுப்பு டிரவுட் இன்னும் நிதானம், 10 டிகிரியிலேயே 41 நாள். தினமும் காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து, சராசரியைக் கூட்டிக்கொண்டே வந்தால் வானவில்லுக்குக் கூட்டுத்தொகை 300ஐத் தாண்டும் சமயத்தில் பொரிக்கத் தொடங்கும். ஏறக்குறைய பாதி வழியில் கண் விழும்.

தட்டில் சில முட்டை வெள்ளையாகிவிடுகிறதே?

செத்த முட்டை அது. எடுக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை கிளம்பி, பக்கத்து முட்டைகளையும் சுற்றிக்கொண்டு பிடிக்கும். கண் விழுவதற்கு முன் கைவைத்தால் நல்ல முட்டையும் சாகும் என்பதால், அந்தக் காலகட்டத்தில் ஃபார்மலின் குளியல்தான் வழி. 600 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஃபார்மலின், 15 நிமிடம் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீர். பொரிக்கும் தறுவாயில் இதைச் செய்யக் கூடாது.

கண் விழுந்த பிறகு தலைகீழ். வேண்டுமென்றே முட்டையை ஒரு குழாய் வழியாக ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து கொட்டுவார்கள். கரு இல்லாத முட்டையெல்லாம் மறுநாளே வெளுத்துப்போகும், இடுக்கியால் பொறுக்கிவிடலாம். பார்க்கிறவருக்குப் பகீர் என்றிருக்கும், ஆனால் அவசியமான வேலை. வெயில் மட்டும் எந்தப் பருவத்திலும் நேரடியாகப் படக் கூடாது. தொட்டிக்கு மூடி போடுவது அதற்குத்தான்.

நம் மலையில் பொரிப்பகம் கெடுவது பெரும்பாலும் எதனால்?

சேற்றால். கீழே போகும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும், ஒரு மழைக்கு மண் இறங்கி முட்டைமேல் மெல்லிய படலமாகப் படிந்தால் போதும், மூச்சு முட்டிவிடும். ஓடையிலிருந்து நேரே தொட்டிக்கு விடாமல் படிவுத் தொட்டி, சல்லி, மணல் என்று மூன்று கட்டம் தாண்டி வரவிட வேண்டும். 10,000 முட்டைக்கு நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் ஓட வேண்டும். வாய்க்கால் முகப்பில் இலை அடைத்து அரை மணி நேரம் தண்ணீர் நின்றால் குஞ்சுத் தொட்டியில் சாவு தொடங்கிவிடும். இரவுக் காவல் என்பது திருடனுக்கு அல்ல, இலைக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த வடிகட்டியும் தாங்காது.

அடுத்தது உலோகம். நம் மலைத் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்னீர். அதில் துத்தநாகமும் செம்பும் கடின நீரைவிட மோசமான விஷம். மலிவாகக் கிடைக்கிறதென்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் துத்தநாகத் தகடும் போட்டு முட்டையைச் சாகடிக்கலாம். பிளாஸ்டிக் குழாய், ஃபைபர் தொட்டி, அலுமினியத் தட்டு போதும்.

செம்பு வருவது தேயிலைக் காட்டிலிருந்து. 1946இல் தென்னிந்தியத் தேயிலையில் கொப்புள நோய் வந்ததிலிருந்து மழைக்காலத்தில் செம்பு மருந்து தெளிப்பது நிரந்தரமாகிவிட்டது. தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையைப் பொரிப்பகத்துக்கு எடுக்கவே கூடாது, சோலைக்காட்டிலிருந்து நேரே வருவதாக இருக்க வேண்டும்.

நீர்நாய், மீன்கொத்தி இவற்றுக்கு வலை போதும்.

குஞ்சுக்கு என்ன கொடுப்பது?

பொரித்ததும் ஒன்றும் வேண்டாம். வயிற்றில் தொங்கும் மஞ்சள் பையே இரண்டு, மூன்று வாரத்துக்குச் சோறு. பாதிக் குஞ்சு அடியை விட்டு மேலே நீந்த ஆரம்பிக்கும் அன்று தீனி தொடங்க வேண்டும். எல்லாம் மேலே வரட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்தவை சாப்பிடக் கற்றுக்கொள்ளாமலே மெலிந்து சாகும். அந்தக் காலத்தில் ஆட்டு ஈரலை அரைத்து, சல்லடையில் தேய்த்து, அவித்த முட்டை மஞ்சளோடு கொடுத்தார்கள். இப்போது தூள் தீனி. எதுவானாலும் ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. மிச்சம் அடியில் தங்கினால் செவுள் நோய் வரும். அளவு வாரியாகப் பிரிக்காமல் விட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடும்.

ஓடையிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறதே, பொரிப்பகம் எதற்கு?

நியாயமான கேள்வி. இரவிகுளத்திலும் நீலகிரி மேட்டிலும் வானவில் டிரவுட் சல்லியில் குழி பறித்துத் தானே முட்டையிடுகிறது. ஆனால் ஒரு வெள்ளம் அந்தச் சல்லியைப் புரட்டிப்போட்டால் அந்த வருடக் குஞ்சு இல்லை. தூண்டில்காரருக்கு ஆண்டுதோறும் மீன் வேண்டும், பண்ணைக்காரருக்குக் கணக்காகக் குஞ்சு வேண்டும். பொரிப்பகம் இந்த இருவருக்காகத்தான். ஓடைக்காக என்று சொல்வது பொருந்தாது.

அப்படியென்றால் ஓடைக்குக் கெடுதலா?

டிரவுட் ஊன் தின்னும் மீன். நீர்ப்பூச்சி, தலைப்பிரட்டை, சின்ன மீன் எல்லாம் அதன் வாய்க்குள் போகும். அருவிக்கு மேலுள்ள சோலை ஓடைகளில் இதற்கு முன் இப்படி ஒரு பெரிய வேட்டைக்கார மீன் இல்லை, அங்குள்ள தவளைகளுக்கு அதனிடமிருந்து தப்பிக்கும் பழக்கமும் இல்லை. நூறு வருடம் முன்பு யாரும் இதை யோசிக்கவில்லை. இருக்கும் மீனைப் பற்றி வாதாடலாம், புதிதாக ஓர் ஓடையில் கொண்டுபோய் விடுவதற்கு இன்று நியாயமே கிடையாது. தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போடவும் முடியாது.

வட்டவடையில் எங்கள் தோட்டத்தில் ஓடை ஓடுகிறது. பத்துக் குஞ்சு வாங்கி விடலாமா?

முதலில் ஒரு வருடம் வெப்பமானி போட்டுப் பாருங்கள். மார்ச் முதல் மே வரை மதியம் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது என்பதுதான் முக்கியம். டிசம்பர் காலைக் குளிரை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். 20க்குள் நின்றால், கோடையிலும் ஓட்டம் வற்றாவிட்டால், மேலே யாரும் மருந்து அடிக்காவிட்டால், அப்புறம் மீன்வளத்துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அந்நிய மீன் என்பதால் அவர்கள் சம்மதம் இல்லாமல் வாங்க வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் ஓடையில் விடாதீர்கள். தண்ணீரை மட்டும் பக்கத்தில் வெட்டிய தொட்டிக்குத் திருப்பி, வெளியேறும் வாயில் குஞ்சின் தலை நுழையாத கண்ணுள்ள வலையை இரண்டு அடுக்காகப் போடுங்கள். ஒன்றைக் கழற்றிக் கழுவும்போது இன்னொன்று இருக்க வேண்டும்.